சிரிக்காத வாத்தியார்



அறந்தாங்கியில் என் பேத்தி செல்போனிடம் ஜெர்மன் பேசிப் பழகுகிறாள். நர்ஸ் வேலைக்காம். நம்ம ஊர் உச்சரிப்பில் அது சில சமயம் தடுமாறும், ஆனால் சிரிக்காது.

1901-இல் லண்டனில் தொடங்கிய லிங்குவாஃபோன் பாடத்தை ஒலிப்பதிவில் கேட்கத்தான் முடியும். பிறகு வந்த மொழி ஆய்வகத்தில் நம் குரலையே டேப்பில் பதிந்து கேட்கலாம். 2023 மார்ச்சில் டுவோலிங்கோ, ஜிபிடி-4 துணையுடன் பிரெஞ்சு, ஸ்பானிய உரையாடல் பயிற்சி தந்தது. நம் பதிலுக்கேற்ப அது பேச்சை வளர்க்கும்.

1991-இல் நம் மாவட்டத்துக்கு அறிவொளி வந்தது. கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் ஊக்கத்தில் பெண்கள் சைக்கிள் பழகினார்கள். விழுவதைவிட ஊர் சிரிக்குமே என்றுதான் பயந்தார்கள்.

அந்தக் காலத்தில்தான் என் வகுப்பில் ஒரு பையன் ஆங்கிலத்தில் தடுமாற, நானும் சிரித்துவிட்டேன். வருஷம் முழுக்க அவன் வாய் திறக்கவில்லை. தம்பி, இதைப் படித்தால் ஒரு போன் போடு.