பெயர் மாறிய பூச்சி: டாக்டிலோப்பியஸ் பேரின வகைப்பாடும் தென்னிந்தியக் கள்ளிக் கட்டுப்பாடும்

ஆய்வுச் சுருக்கம்

கள்ளியில் வாழும் சாயப்பூச்சிகளுக்கு இன்று வழங்கும் டாக்டிலோப்பியஸ் என்னும் பேரினப் பெயர், 19-ஆம் நூற்றாண்டில் பெரும்பாலும் மாவுப்பூச்சிகளைக் குறித்தது. இப்பெயரின் பொருள் மாற்றத்தையும், அப்பேரினத்துச் சிற்றினங்களைப் பிரித்தறியாமையால் சாய முயற்சியிலும் கள்ளிக் கட்டுப்பாட்டிலும் நேர்ந்த விளைவுகளையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: மாவுப்பூச்சி, டாக்டிலோப்பியஸ், சப்பாத்திக்கள்ளி, நாகதாளி, வகைப்பாட்டியல்

முன்னுரை

சென்னை, புதுச்சேரி உள்ளிட்ட சோழமண்டலக் கரை, சாயமிட்ட துணிகளுக்குப் பெயர்பெற்றது. இக்கரையின் சிவப்புக்குச் சாயவேரே மூலம். ஆயின் ஐரோப்பியர் பெரிதும் விரும்பிய கருஞ்சிவப்பு, மெக்சிக்கோவின் கள்ளிப்பூச்சியிலிருந்து பெறப்பட்டது. அவ்வணிகம் ஸ்பெயினின் கைப்பிடியில் இருந்தது. அதனை உடைக்கப் பிரெஞ்சு நாட்டுத் தாவரவியலார் தியேரி தெ மெனோன்வீல், 1777-இல் மெக்சிக்கோவிலிருந்து அப்பூச்சியைக் கரிபியத் தீவான சான் தொமிங்கிற்குக் கொண்டு சென்றார். ஆங்கிலேயரின் முயற்சி சென்னையில் தொடங்கியது.

சென்னையின் சாயக் கனவு

சென்னையில் பணியாற்றிய மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன், 1786-இல் உள்ளூர்ப் புல்லில் கண்ட பூச்சிகளைச் சாயப்பூச்சியின் உறவினமாகக் கருதி, இலண்டனிலிருந்த ஜோசப் பேங்க்சுக்குத் தொடர்ந்து மடல்கள் எழுதினார். அப்பூச்சிகள் எதிர்பார்த்த சாயத்தைத் தரவில்லை. எனினும் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் ஒன்று உருவாயிற்று. 1795-இல் பிரேசிலிலிருந்து கல்கத்தாவிற்குக் கள்ளிப்பூச்சி வந்து சேர்ந்தது. உயர்தரச் சாயம் தரும் டாக்டிலோப்பியஸ் காக்கஸ் என நம்பப்பட்ட அது, உண்மையில் மட்டமான சாயம் தரும் வேறொரு சிற்றினம். இன்று டாக்டிலோப்பியஸ் சிலோனிக்கஸ் எனப்படுகிறது. தொழில் முயற்சி பொய்த்தது. ஆயின் அப்பூச்சி ஒபன்ஷியா மோனகாந்தா என்னும் கள்ளியை அழித்தமையால், 1836 முதல் தென்னிந்தியாவில் அக்கள்ளியை ஒழிக்க அது பரப்பப்பட்டது. களைச்செடியை ஒழிக்கப் பூச்சியைப் பயன்படுத்திய முன்னோடி நிகழ்வுகளுள் இஃதொன்று.

பேரினப் பெயரின் இடமாற்றம்

மாவுப்பூச்சியும் கள்ளிச் சாயப்பூச்சியும் வெண்மெழுகால் உடலை மூடிக்கொள்பவை. புறத்தோற்றத்தைக் கொண்டு அவற்றை வகைப்படுத்துதல் அரிது. மெழுகை நீக்கி, நுண்ணோக்கியில் துளைகளையும் மயிர்முட்களையும் நோக்கியே பிரித்தறிதல் இயலும். இத்தாலிய அறிஞர் கோஸ்டா, சாயப்பூச்சிக்கெனவே டாக்டிலோப்பியஸ் பேரினத்தை அமைத்தார். ஆயினும் பின்வந்தோர் சாயப்பூச்சியைக் காக்கஸ் என்றும், மாவுப்பூச்சிகளை டாக்டிலோப்பியஸ் என்றும் வழங்கினர். 1894-இல் நியூஸ்டெட், சென்னைப் பகுதியிலிருந்து கிடைத்த மாவுப்பூச்சி ஒன்றிற்கு டாக்டிலோப்பியஸ் விரிடிஸ் எனப் பெயரிட்டமை இவ்வழக்கைச் சார்ந்ததே. அதுவே இன்றைய நிப்பேகாக்கஸ் விரிடிஸ்.

1903-இல் வெளிவந்த பெர்னால்டின் உலகச் செதிற்பூச்சிப் பட்டியல் இக்குழப்பத்தை நீக்கியது. டாக்டிலோப்பியஸ் சாயப்பூச்சிக்கு மீண்டது. மாவுப்பூச்சிகள் சூடோகாக்கஸ் பேரினத்துள் வைக்கப்பட்டன. இலங்கையில் பணியாற்றிய கிரீனின் எழுத்திலேயே இம்மாற்றத்தைக் காணலாம். 1896-இல் இலங்கைப் பூச்சியைக் காக்கஸ் பேரினத்தில் வைத்துச் சிலோனிக்கஸ் என்றவர், 1908-இல் இந்தியப் பூச்சியை டாக்டிலோப்பியஸ் இண்டிக்கஸ் என்றார். இரண்டும் ஒன்றே என்பதை 1974-இல் டி லோட்டோ நிறுவினார். ஆகவே, 19-ஆம் நூற்றாண்டு ஆவணங்களில் டாக்டிலோப்பியஸ் என்ற சொல்லைக் காணும் ஆய்வாளர், அது சாயப்பூச்சியையே குறித்தது எனக் கொள்ளுதல் பிழையாகும்.

சிற்றினமும் உணவுச்செடியும்

மோனகாந்தா அழிந்த பின்னரும் நாகதாளி எனப்படும் ஒபன்ஷியா டில்லேனி மேய்ச்சல் நிலங்களையும் தரிசுகளையும் அடைத்து நின்றது. முன்னைய பூச்சி அதனைத் தீண்டவில்லை. 1913, 1914 ஆண்டுகளில் ஆஸ்திரேலியாவிற்குக் கொண்டு செல்லப்பட்டபோதும் அப்பூச்சி மோனகாந்தாவை மட்டுமே ஒடுக்கியது. பூச்சி ஒவ்வொன்றும் தனக்குரிய கள்ளியையே நாடும் என்பது இதனால் தெளிவாயிற்று.

ஆஸ்திரேலியாவிலிருந்து 1924-இல் இலங்கைக்கும், அங்கிருந்து 1926-இல் தென்னிந்தியாவிற்கும் வேறொரு பூச்சி கொண்டுவரப்பட்டது. ஐந்தாறு ஆண்டுகளில் ஏறத்தாழ 40,000 எக்டேர் நிலம் நாகதாளியினின்று மீண்டதாக மதிப்பிடப்படுகிறது. அன்றைய பதிவுகள் அப்பூச்சியை டாக்டிலோப்பியஸ் டொமண்டோசஸ் என்றன. அதன் உரிய பெயர் டாக்டிலோப்பியஸ் ஒபன்ஷியே என்பது பின்னரே தெளிவாயிற்று. பெயர் பிழையாயினும், கொண்டுவரப்பட்ட பூச்சி நாகதாளிக்கு உரியதாக இருந்தமையால் முயற்சி வென்றது. அதே பதிவை நம்பி டொமண்டோசஸைத் தேடிக் கொணர்வோர்க்கு அவ்வெற்றி கிட்டாது.

முடிவுரை

1795-இல் சிற்றினம் தவறியமையால் சாயத்தொழில் கைகூடவில்லை. 1926-இல் கள்ளிக்குரிய சிற்றினம் வாய்த்தமையால் நிலம் மீண்டது. 2008-இல் கோயம்புத்தூரில் கண்டறியப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, பாராகாக்கஸ் மார்ஜினேட்டஸ் என உறுதிசெய்யப்பட்டமையாலேயே, அதற்குரிய ஒட்டுண்ணிக் குளவிகளை 2010-இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து வருவிக்க இயன்றது. வகைப்பாட்டியல் உழவர் நிலத்தோடு நேரடித் தொடர்புடைய துறை என்பதை இவ்வரலாறு காட்டுகிறது. பழைய ஆவணங்களில் உள்ள பூச்சிப் பெயர்களை இன்றைய பெயர்களோடு ஒப்பிட்டுத் தெளிந்த பின்னரே சான்றாகக் கொள்ளுதல் வேண்டும்.