பீங்கான் கட்டையிலிருந்து ட்ரிப்பர் வரை: உங்கள் வீட்டு மின்பெட்டியின் கதை

கோடை வந்ததும் நம் குடியிருப்பில் புதிதாக ஏ.சி., ஹீட்டர், மின் ஸ்கூட்டர் சார்ஜர் என்று ஒவ்வொன்றாகச் சேர்கின்றன. "பெட்டியில் இடம் இருக்கிறதே, ஒரு லைன் எடுத்துக்கொடுங்கள்" என்று சொல்லுமுன், அந்தப் பெட்டி எப்படி உருவானது என்று கொஞ்சம் பார்த்துவிடுங்கள்.

நம் மாநிலத்தில் பைக்காரா நீர்மின் நிலையம் 1932-லும், மேட்டூர் 1937-லும் மின்சாரம் தரத் தொடங்கின. 1957-ல் மின்வாரியம் அமைந்த பிறகு கிராமங்களுக்குக் கம்பிகள் வேகமாகப் பரவின. அந்தக் கால வீடுகளில் மரப்பலகை, அதில் ஒரு மெயின் சுவிட்ச், இரண்டு பீங்கான் பியூஸ் கட்டைகள். வீட்டுக்குத் தேவை சில விளக்குகள், ஒரு மின்விசிறி, ஒரு வானொலி. அதற்கு அது போதுமானதாக இருந்தது.

சிக்கல் பியூஸ் கம்பியில் இருந்தது. அடிக்கடி எரிகிறதே என்று தடித்த கம்பியைச் சுற்றிவிடுவார்கள். பிறகு பியூஸ் எரியாது, சுவருக்குள் இருக்கும் ஒயர் எரியும்.

இதற்கு விடையாக வந்ததுதான் எம்.சி.பி., நாம் ட்ரிப்பர் என்பது. ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் ஹூகோ ஸ்டோட்ஸ் நிறுவனம் 1924-ல் இதற்குக் காப்புரிமை பெற்றது. நம் வீடுகளில் இது பரவலாகப் பல பத்தாண்டுகள் ஆயின. ஆனால் பழைய பழக்கம் மட்டும் போகவில்லை. 16 ஆம்பியர் ட்ரிப்பர் விழுந்துகொண்டே இருந்தால் 32 போடச் சொல்கிறோம். இதுவும் தடித்த கம்பி சுற்றுவதுதான்.

ட்ரிப்பர் காப்பது ஒயரை. மனிதரைக் காக்க வந்தது ஆர்.சி.சி.பி. போகும் மின்சாரமும் திரும்பும் மின்சாரமும் சமமாக இல்லாவிட்டால், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே அது துண்டித்துவிடும். உடல் வழியே அரை ஆம்பியர் பாய்ந்தாலும் உயிர் போகலாம். 16 ஆம்பியர் ட்ரிப்பர் அசையாது. 1956 மின்சார விதிகளில் பின்னர் சேர்ந்த 61-ஏ விதி, கசிவுத் தடுப்பானைக் கட்டாயமாக்கியபோது 5 கிலோவாட்டுக்குக் குறைந்த வீட்டு இணைப்புகளை விட்டுவிட்டது. அதனால்தான் பழைய வீடுகள் பலவற்றில் இன்றும் அது இல்லை.

அதே விதிகளில் 45-ஆவது விதி இன்னொன்றும் சொன்னது: பல்பு, மின்விசிறி, பியூஸ், சுவிட்ச் போன்றவற்றை மாற்றுவது தவிர, மற்ற வேலைகளை உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர்தான் செய்ய வேண்டும். புதிய சர்க்யூட் அந்த விலக்கில் வராது.

ஆகவே ஆள் வந்ததும் நீங்கள் கேட்க வேண்டியவை இவை:

உரிமம் இருக்கிறதா? வீட்டுக்கு அனுமதித்த மின்பளுவுக்குள் இது அடங்குமா? 2 கிலோவாட் ஹீட்டர் என்றால் சுமார் 9 ஆம்பியர். அதற்குத் தனி ட்ரிப்பரும் 2.5 சதுர மி.மீ. தாமிர ஒயரும் தனி எர்த்தும் உண்டா? புதிய லைனின் நியூட்ரல் அதே ஆர்.சி.சி.பி. வழியாகத்தான் திரும்புகிறதா? வேறு நியூட்ரலில் சேர்த்தால் சுவிட்ச் போட்டதும் அது விழும். "தொல்லை" என்று யாராவது அதையே நீக்கிவிடுவார்கள்.

வேலை தொடங்குமுன் மெயினை அணைத்து, டெஸ்டரால் சோதித்துவிட்டுத்தான் பெட்டியைத் தொட வேண்டும். மெயினை அணைத்தாலும் அதற்கு வரும் ஒயரில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும், அதை மறக்காதீர்கள். வேலை முடிந்ததும் உங்கள் கண்முன்னே ஆர்.சி.சி.பி.யின் 'டெஸ்ட்' பொத்தானை அழுத்தச் சொல்லுங்கள். அது விழுந்த பிறகு கூலியைக் கொடுங்கள்.