எலியின் தலையில் ஒரு மைக்ராஸ்கோப்: பஞ்சரத்தினத்தின் கதை

ஒரு சுண்டெலியின் எடை ஏறக்குறைய 25 கிராம். அது ஓடும்போதும் தின்னும்போதும் அதன் மூளையில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டுமானால், தலையிலேயே ஒரு மைக்ராஸ்கோப்பைப் பொருத்த வேண்டும். அந்தக் கருவியும் 25 கிராம் இருந்தால் எலி எப்படி நடக்கும்?

இது கற்பனைக் கேள்வி அல்ல. 1990-ல் வின்ஃப்ரீட் டெங்க் குழுவினர் இரு-ஃபோட்டான் மைக்ராஸ்கோப்பை உருவாக்கியதால், உயிருள்ள மூளையின் உட்பகுதியைப் பார்க்க வழி பிறந்தது. ஆனால் கருவி ஒரு மேஜையையே அடைத்துக் கொண்டது! 2001-ல் அதைத் தலையில் சுமக்கும் அளவுக்குச் சுருக்கினார்கள். எடை 25 கிராம். பெரிய எலியால் அதைச் சுமக்க முடிந்தது, சுண்டெலியால் முடியாது. 2011-ல் ஸ்டான்ஃபோர்டில் 1.9 கிராம் எடையுள்ள சாதாரண ஒளிர்வு மைக்ராஸ்கோப் வந்தது. இன்னும் சுருக்க வேண்டுமானால் லென்ஸே மாற வேண்டும்.

இங்கேதான் நம் கதாநாயகர் வருகிறார். எஸ். பஞ்சரத்தினம் (1934-1969), சர் சி.வி. ராமனின் சகோதரி மகன். பெங்களூரில் ராமனிடமே ஆய்வு செய்தவர். படிகங்கள் வழியே செல்லும் ஒளியை ஆராய்ந்த அவர், 1956-ல், தம் 22-ஆவது வயதில், ஒரு கட்டுரை வெளியிட்டார்.

அவர் கண்டது இதுதான். ஒளி அதிரும் விதத்தைப் படிப்படியாக மாற்றி, கடைசியில் பழைய நிலைக்கே கொண்டு வந்தாலும், ஒளி அலையில் ஒரு நகர்வு மிஞ்சுகிறது. ஒரு உருண்டையை எடுத்துக் கொள்ளுங்கள். நடுக்கோட்டில் ஒரு குச்சியை வடக்கு நோக்கி வையுங்கள். குச்சியைத் திருப்பாமல் வட துருவம் வரை நகர்த்தி, வேறொரு தீர்க்கரேகை வழியாக இறக்கி, நடுக்கோட்டிலேயே பழைய இடத்துக்குக் கொண்டு வாருங்கள். இப்போது குச்சி வடக்கைப் பார்க்காது! சென்ற பாதையின் வடிவமே இந்த மாற்றத்தைத் தருகிறது. ஒளிக்கும் அப்படித்தான்.

அந்தக் கட்டுரையை முப்பது ஆண்டுகள் யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. 1984-ல் இங்கிலாந்தின் மைக்கேல் பெர்ரி, குவாண்டம் இயற்பியலில் இதே கருத்தைத் தனியாகக் கண்டார். 1986-ல் ராமசேஷனும் ராஜாராம் நித்யானந்தாவும் பஞ்சரத்தினத்தின் கட்டுரையை எடுத்துக் காட்டினார்கள். மறு ஆண்டே பெர்ரி, பஞ்சரத்தினத்தின் பங்கைப் பாராட்டி எழுதினார். ஆனால் அதைக் கேட்க பஞ்சரத்தினம் இல்லை. 1969-லேயே, 35 வயதில், ஆக்ஸ்ஃபோர்டில் காலமாகியிருந்தார்.

2016-ல் ஹார்வர்டில் ஃபெடரிகோ கபாஸோ குழுவினர், 600 நானோமீட்டர் உயரமுள்ள டைட்டானியம் டை ஆக்ஸைடு தூண்களை நட்டு ஒரு தட்டை லென்ஸ் செய்தார்கள். கண்ணாடி லென்ஸ் தன் தடிமனால் ஒளியை வளைக்கிறது. இதில் தடிமன் தேவையில்லை. ஒவ்வொரு தூணையும் வேண்டிய கோணத்தில் திருப்பி வைத்தால் போதும். அந்தந்த இடத்தில் ஒளி அலை தேவையான அளவு நகர்கிறது. பஞ்சரத்தினம்-பெர்ரி கட்டம் என்று இதற்குப் பெயர்.

2018-ல் கால்டெக்கில் இத்தகைய நானோ தூண் லென்ஸை, வேறொரு வடிவமைப்பில், இரு-ஃபோட்டான் மைக்ராஸ்கோப்பில் பொருத்திக் காட்டினார்கள். உள்ளே செல்லும் ஒளியும் திரும்பி வரும் ஒளியும் வேறு வேறு நிறம். தட்டை லென்ஸ் ஒவ்வொரு நிறத்தையும் ஒவ்வொரு இடத்தில் குவிக்கும் என்பதால், இரண்டையும் ஒரே இடத்தில் குவிப்பதே அங்கே சவாலாக இருந்தது.

படிகத்தை ஆராய்ந்த அந்த இளைஞர் எலியின் மூளையை நினைத்திருக்க மாட்டார். உடனடிப் பயன் என்ன என்று கேட்டிருந்தால், அந்தக் கட்டுரை எழுதப்பட்டே இருக்காது.