விட்டுப் பிடித்த காவல்: பெக்கன்பவரின் ஆட்டமும் பயிற்சியும்

கால்பந்தில் தடுப்பாட்டக்காரரின் வேலை நெடுங்காலம் வரை எதிரணியின் முன்கள வீரர் ஒருவரோடு நிழல்போல் ஒட்டிக்கொண்டு, அவரைப் பந்தைத் தொடவிடாமல் செய்வது என்ற அளவிலேயே வகுக்கப்பட்டிருந்தது. 'மார்க்கிங்' எனப்படும் இந்த முறையில் காவலுக்கு நிற்பவர் தம் ஆட்டத்தை மறந்துவிட்டுப் பிறர் ஆட்டத்தைக் கெடுப்பதிலேயே தொண்ணூறு நிமிடங்களையும் செலவிட வேண்டும். 1930களில் சுவிட்சர்லாந்தில் பயிற்சியாளராக இருந்த கார்ல் ராப்பான், இந்தக் காவல் வரிசைக்குப் பின்னால் யாரையும் ஒட்டாத ஒருவரை நிறுத்திப் பார்த்தார். அந்த உத்தியை வளர்த்தெடுத்த இத்தாலியர் அதற்குத் தாழ்ப்பாள் என்று பொருள்படும் 'கத்தெனாச்சோ' என்ற பெயரையும், பின்னால் நிற்பவருக்குக் கட்டற்றவர் என்று பொருள்படும் 'லிபரோ' என்ற பெயரையும் இட்டனர். ஆனால் பெயரில் இருந்த சுதந்திரம் ஆட்டத்தில் பெரிதாக இருக்கவில்லை; வரிசையைத் தாண்டி வரும் பந்தை எட்டி உதைத்து அப்புறப்படுத்துவதோடு அவர் வேலை பெரும்பாலும் முடிந்துவிடும்.

அந்தப் பெயருக்கு முழுப் பொருளையும் தந்தவர், 1945 செப்டம்பர் 11 அன்று மியூனிக்கில் பிறந்து, பேயர்ன் மியூனிக் கழகத்திலேயே வளர்ந்த ஃபிரான்ஸ் பெக்கன்பவர். தம் எல்லையில் பந்தைப் பெற்றதும் தலையை நிமிர்த்தி, எதிரணி கலைந்து கிடக்கும் இடத்தைக் கண்டுகொண்டு, பந்தோடு தாமே நடுக்களத்தைக் கடந்து சென்று, பாதத்தின் வெளிப்புறத்தால் அதை முன்கள வீரரின் காலடிக்கு வளைத்து அனுப்பும் அவருடைய பாணி, தடுப்பாட்டத்தையே தாக்குதலின் தொடக்கமாக்கியது. அவர் முன்னேறியபோதெல்லாம் திறந்து கிடந்த இடத்தைக் காத்து நின்றவர், பேயர்னிலும் மேற்கு ஜெர்மனியின் தேசிய அணியிலும் அவருக்குத் துணையாக ஆடிய கெயோர்க் ஷ்வார்ட்சன்பெக். பெக்கன்பவரின் புகழில் ஒரு பங்கு நியாயமாக இவருக்குச் சேர வேண்டியது. 1972இல் ஐரோப்பியக் கோப்பை, 1974இல் உலகக் கோப்பை, 1974 முதல் 1976 வரை ஐரோப்பியக் கழகங்களுக்கான கோப்பை என வெற்றிகள் வரிசையாக வந்தன.

இவற்றைவிட அவரைப் பின்னாளில் பயிற்சியாளராக உருவாக்கியதில் ஒரு தோல்விக்கே கூடுதல் பங்கு இருந்ததாகக் கருத இடமுண்டு. 1966 ஜூலை 30 அன்று வெம்பிளியில் நடந்த உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில், அதுவரை நடுக்கள வீரராக ஆடி அந்தத் தொடரில் 4 கோல்கள் அடித்திருந்த இருபது வயது பெக்கன்பவரை, இங்கிலாந்தின் பாபி சார்ல்டனுக்குக் காவலாகப் பயிற்சியாளர் ஹெல்முட் ஷோன் நிறுத்தினார். சார்ல்டன் அடங்கினார், அவரோடு பெக்கன்பவரின் ஆட்டமும் அடங்கியது. இங்கிலாந்து 4-2 என்று வென்றது.

1984இல் மேற்கு ஜெர்மனி அணியின் பொறுப்பு பெக்கன்பவரிடம் வந்தபோது, பயிற்சியாளருக்குரிய உரிமம் அவரிடம் இல்லாததால், அணித் தலைமையாளர் என்று பொருள்படும் 'டீம்ஷெஃப்' என்ற பதவிப் பெயர் அவருக்குத் தரப்பட்டது. உரிமம் பெற்ற ஹோர்ஸ்ட் கோப்பல் உடன் பணியாற்றினார். இரண்டே ஆண்டுகளில், 1986 ஜூன் 29 அன்று மெக்சிகோ நகரில், உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் அர்ஜென்டினாவைச் சந்தித்தபோது, தமக்கு இருபது ஆண்டுகளுக்கு முன் நேர்ந்ததையே தம் ஆட்டக்காரருக்கு அவர் செய்தார்: தம் அணியின் ஆற்றல் மிக்க நடுக்கள வீரரான லோதர் மத்தேயுஸை எதிரணியின் மரடோனாவுக்குக் காவலாக்கினார். இரண்டு கோல்கள் பின்தங்கிய பிறகே மத்தேயுஸ் அந்தக் கட்டிலிருந்து விடுபட்டார். மேற்கு ஜெர்மனி இரண்டையும் ஈடுகட்டியும், மரடோனா தட்டிவிட்ட பந்தில் புருச்சாகா அடித்த கோலால் 3-2 என்று தோற்றது. இப்பிழையின் வலியை உள்ளிருந்து அறிந்தவரே அதைத் திரும்பச் செய்தது, தோல்வி பயம் ஒரு பயிற்சியாளரின் சொந்த அனுபவத்தையும் எவ்வளவு எளிதில் மறைத்துவிடும் என்பதைக் காட்டுகிறது.

1990 உலகக் கோப்பையில் அவர் அதைத் திருத்திக்கொண்டார். யூகோஸ்லாவியாவுக்கு எதிரான முதல் ஆட்டத்தில், அணித்தலைவராகிவிட்ட மத்தேயுஸ் தம் பாதியிலேயே பந்தை வாங்கி, வழிமறித்தவர்களைக் கடந்து ஓடி, தொலைவிலிருந்து அடித்த கோல், அவருக்குக் கிடைத்த விடுதலையின் அளவைச் சொல்லும். ஜூலை 8 அன்று ரோமில் இறுதி ஆட்டத்தில் மீண்டும் அர்ஜென்டினாவே எதிரில் நின்றபோது, மரடோனாவைக் காக்கும் பொறுப்பு கீடோ புக்வால்ட் என்ற தடுப்பாட்டக்காரருக்குப் போனது. தடை காரணமாகக் கனீஜியா உள்ளிட்ட சிலரை அர்ஜென்டினா இழந்திருந்தது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். எனினும் ஆட்டம் முழுவதும் மேற்கு ஜெர்மனியின் கையிலேயே இருந்தது. 85ஆம் நிமிடத்தில் பிரேமே அடித்த பெனால்டி கோலால் 1-0 என்று அது வென்றது. ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் உலகக் கோப்பையை வென்றவர்களில், பிரேசிலின் ஜகாலோவுக்கு அடுத்து இரண்டாமவரானார் பெக்கன்பவர்.

பின்னர் ஆளை ஒட்டாமல் ஆடுகளப் பகுதியைக் காக்கும் முறை எங்கும் பரவ, லிபரோ என்ற இடமே மெல்ல மறைந்தது. ஜெர்மனி மட்டும் அதை நீண்ட காலம் விடாமல் வைத்திருந்தது. 2000 ஜூன் 20 அன்று ராட்டர்டாமில் போர்ச்சுகலிடம் 3-0 என்று தோற்று ஐரோப்பியக் கோப்பையிலிருந்து அது வெளியேறியபோது, தடுப்பு வரிசைக்குப் பின்னால் லிபரோவாக நின்றவர், தம் 150ஆவதும் கடைசியுமான தேசிய ஆட்டத்தை ஆடிய, 39 வயது மத்தேயுஸ்.