மூன்று இலக்கங்கள்: கனடா யாருக்கு முதலில் கதவு திறந்தது?

கனடா எண்டவுடன் எங்களில் கனபேருக்கு ஞாபகம் வருவது பனியும், அங்க இருக்கிற சித்தப்பா வீட்டுப் படங்களும்தான். கொஞ்சம் வாசிக்கிற ஆட்கள் என்றால் மார்கரெட் அட்வூட், மைக்கல் ஒண்டாச்சி என்று இரண்டு பெயர் சொல்லுவம். ஒண்டாச்சி கொழும்பில் பிறந்தவர் என்பதால் அவரில் எங்களுக்குக் கொஞ்சம் உரிமையும் இருக்கு.

ஆனால் எழுபது எண்பது வருடங்களுக்கு முன்னர், கனடிய இலக்கியம் என்று ஒன்று இருக்கா என்று கனடாக்காரரே சந்தேகப்பட்டார்கள். 1949 இல் அரசாங்கம் வின்சென்ட் மாசி தலைமையில் ஓர் ஆணைக்குழுவை அமைத்தது. 1951 இல் வந்த அதன் அறிக்கையில் ஒரு கணக்கு இருக்கிறது: 1948 ஆம் ஆண்டில் ஆங்கிலக் கனடாவில் வெளிவந்த புனைகதை நூல்கள் வெறும் 14. புத்தகக் கடைகளை நிரப்பியவை பிரித்தானிய, அமெரிக்கப் புத்தகங்கள். இந்த அறிக்கையின் விளைவாகத்தான் 1957 இல் கனடா கலைப் பேரவை உருவானது.

காசு மட்டும் இலக்கியத்தை உண்டாக்காது தானே. மிச்ச வேலையைச் செய்தது எங்கட வயசுப் பெடியளும் பெட்டையளும்தான். 1961 இல் அட்வூட் தன் முதல் கவிதைச் சிறுநூலுக்குத் தானே அச்சுக்கோர்த்தார். அப்போது அவருக்கு வயது 21. 1965 இல் ஸ்ரான் பெவிங்ரன் ரொறன்ரோவில் ஒரு பழைய வண்டிக் கொட்டகையில் அச்சகம் ஒன்றைத் தொடங்கினார். அதன் பெயரே 'கோச் ஹவுஸ்'. கவிஞரும் ஓவியரும் அச்சுத் தொழிலாளரும் ஒன்றாக நின்று புத்தகம் செய்த இடம் அது. 1962 இல் கனடாவுக்கு வந்த ஒண்டாச்சியின் முதல் கவிதைத் தொகுதி 1967 இல் அங்கேதான் வெளிவந்தது. அதே வருடம் 'அனான்சி' என்ற இன்னொரு சிறு பதிப்பகமும் தொடங்கியது. 1972 இல் அட்வூட்டின் 'சர்வைவல்' என்ற விமர்சன நூலை அது வெளியிட்டது. கனடிய இலக்கியத்தின் மையம் 'தப்பிப்பிழைத்தல்' என்று அந்த நூல் வாதாடியது.

இதுவரைக்கும் கதை சந்தோசமானதுதான். ஆனால் அதே 1972 இல் வின்னிபெக் நகரக் கலைக்கூடத்தில் ஒரு கண்காட்சி நடந்தது. அதன் தலைப்பில் ஓவியர்களின் பெயர்கள் இல்லை; 23, 287, 1171 என்று மூன்று இலக்கங்கள்தான் இருந்தன. பூர்வகுடி மக்களை ஒப்பந்தங்களின் கீழ் பதிவு செய்தபோது அரசாங்கம் கொடுத்த இலக்கங்கள் அவை. அந்த இலக்கங்களுக்குப் பின்னால் நின்றவர்கள் டாஃப்னி ஓஜிக், அலெக்ஸ் ஜான்வியர், ஜாக்சன் பியர்டி. ஜான்வியர் பல வருடங்களாகத் தன் ஓவியங்களில் 287 என்றே ஒப்பமிட்டார். அரசாங்கம் மனிசரை இலக்கமாகப் பார்த்தது. அவர் அந்த இலக்கத்தையே ஓவியத்தின் மூலையில் எழுதி அரசாங்கத்துக்குத் திருப்பிக் காட்டினார்.

தப்பிப்பிழைத்தல் என்ற சொல் இவர்களுக்கு வேறு பாரமுடையது. மேற்குக் கரை மக்களின் 'பொட்லாச்' சடங்கு 1880களிலிருந்து சட்டத்தால் தடைசெய்யப்பட்டிருந்தது. அந்தத் தடை சட்டத்திலிருந்து நீங்கியது 1951 இல், அதாவது மாசி அறிக்கை வந்த அதே வருடம். ஜான்வியர் சின்னப் பிள்ளையாகவே வதிவிடப் பாடசாலைக்கு அனுப்பப்பட்டவர்.

1973 இல் ஓஜிக்கின் முன்முயற்சியில் ஏழு பூர்வகுடி ஓவியர்கள் ஓர் அமைப்பாகச் சேர்ந்தார்கள். தங்கட வேலையை அருங்காட்சியகக் கைவினைப் பொருளாகப் பார்க்காமல் இன்றைய கலையாகப் பார்க்க வேணும் என்பது அவர்களின் கோரிக்கை. பத்திரிகைகள் அவர்களை 'இந்தியக் குழு ஏழு' என்று அழைத்தன. ஏன் எண்டால் 1920 இல் 'குழு ஏழு' என்ற பெயரில் வெள்ளை ஓவியர்கள் புகழ்பெற்றிருந்தார்கள். ஏரியும் பைன் மரமும் மலையுமாக அவர்கள் வரைந்த நிலக்காட்சிகளில் பெரும்பாலும் மனிதரைக் காண முடியாது. அந்த ஆளில்லாத நிலத்தின் ஆட்கள்தான் இந்த இரண்டாவது ஏழு பேர்.

அவர்களில் ஒருவர் நோர்வல் மொரிசோ. ஒண்டாச்சி கனடாவில் வந்திறங்கிய அதே 1962 இல், ரொறன்ரோவில் மொரிசோவின் கண்காட்சி ஒன்று நடந்தது. எல்லா ஓவியங்களும் விற்றுப்போயின. ஆனாலும் ஒட்டாவா தேசியக் கலைக்கூடம் அவருக்குத் தனிக் கண்காட்சி வைத்தது 2006 இல்தான். 1880 இல் தொடங்கிய அந்தக் கூடத்தில் முதற்குடி ஓவியர் ஒருவருக்குக் கிடைத்த முதல் தனிக் கண்காட்சியும் அதுதான். அடுத்த வருடம் அவர் இறந்துபோனார்.

ஒண்டாச்சிக்கோ வந்து எட்டே வருடத்தில், 1970 இல் வெளிவந்த நூலுக்கு, நாட்டின் உயர்ந்த இலக்கிய விருது கிடைத்தது. புத்தகமும் கலைக்கூடமும் ஒரே அளவுகோலில் அளக்கக்கூடியவை அல்ல, அது எங்களுக்கும் தெரியும். ஒண்டாச்சியின் திறமையையும் நாங்கள் குறைத்துச் சொல்லேல்லை. ஆனால் வந்தவருக்குத் திறந்த கதவு இருந்தவருக்கு இவ்வளவு பிந்தித் திறந்தது ஏன்?

எங்கட சொந்தக்காரரும் அந்த நிலத்தில்தான் வீடு வாங்கி இருக்கினம். அவர்கள் அனுப்புகிற படங்களில் ஏரியும் மரமும் பனியும் வடிவாகத்தான் இருக்கு. இனி அவற்றைப் பார்க்கும்போது, 287 என்ற ஒப்பமும் எங்களுக்கு ஞாபகம் வரும்.