தடம் காட்டியவருக்கு லைசென்ஸ் இல்லை

வேட்டைச் சட்டங்களைப் படிக்கும்போது நாம் முதலில் கேட்க வேண்டியது, லைசென்ஸ் யார் பெயரில் என்பதைத்தான்.

நீலகிரியை எடுத்துக்கொள்வோம். 1877-இல் அங்கே வெள்ளைக்கார வேட்டைக்காரர்கள் கூடி 'நீலகிரி கேம் அசோசியேஷன்' அமைத்தார்கள். இரண்டே ஆண்டில், 1879-இல், வேட்டை விலங்குகளையும் மீன்களையும் காக்க நீலகிரிக்கென்று தனிச் சட்டம் வந்தது. எந்தப் பருவத்தில் சுடக் கூடாது, யார் சுடலாம் என்பதையெல்லாம் அரசு தன் கைக்குள் வைத்துக்கொண்டது. வரையாடு குறைந்துபோனது உண்மைதான். யாருடைய துப்பாக்கி குறைத்தது? 1878 ஆயுதச் சட்டத்தின் கீழ் இந்தியர்கள் லைசென்ஸ் வாங்க வேண்டும். வெள்ளையருக்கு விலக்கு இருந்தது!

ஆனால் துரைக்குக் காடு தெரியாது. குளம்புத் தடத்தைப் பார்த்து விலங்கு எப்போது போனது என்று சொன்னவர்கள், காற்றின் திசை பார்த்து துரையை நிற்க வைத்தவர்கள், சுட்டதைச் சுமந்து வந்தவர்கள் எல்லாம் குறும்பர், இருளர் போன்ற பழங்குடி மக்கள். துரைகளின் புத்தகங்களில் இவர்கள் 'ஷிகாரி'கள். பெரும்பாலும் பெயர்கூட இருக்காது. கென்னத் ஆண்டர்சன் தன் ஷிகாரி பைராவைப் பற்றி விரிவாக எழுதினார், அது அபூர்வம். துரையோடு போனால் ஷிகாரி. அதே ஆள் தன் வீட்டுக்காகக் கண்ணி வைத்தால் திருட்டு வேட்டைக்காரர்.

சுதந்திரம் வந்தும் இந்தக் கணக்கு நேராகவில்லை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், பின்வந்த திருத்தங்களோடு சேர்ந்து, விளையாட்டு வேட்டைக்கு முடிவு கட்டியது. அதை நாம் வரவேற்கிறோம். துரைகளுக்குப் போனது பொழுதுபோக்கு, இவர்களுக்குப் போனது பிழைப்பு. 2006 வன உரிமைச் சட்டமும் மரபு உரிமைகளை ஏற்றுக்கொண்டு, வேட்டையாடும் உரிமையை மட்டும் வெளியே நிறுத்தியது.

மலையை விட்டு இறங்கி செங்கல்பட்டுப் பக்கம் வந்தால் ஒரு விதிவிலக்கைப் பார்க்கலாம். பாம்புத் தோல் வியாபாரம் தடைசெய்யப்பட்டபின், 1978-இல் அங்கே இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றை உயிரோடு பிடித்து, விஷம் எடுத்துவிட்டு, திரும்பக் காட்டில் விடுகிறார்கள். நாட்டின் பாம்புக்கடி மருந்து பெருமளவு இந்த விஷத்தை நம்பித்தான் தயாராகிறது. இங்கே லைசென்ஸ் தடம் தெரிந்தவர் கையில்தான் இருக்கிறது. ஆனால் எத்தனை பாம்பு, எத்தனை நாள் என்று தீர்மானிப்பது அரசு. அனுமதிக் காகிதம் வரத் தாமதமானால், அதே கை அதே பாம்பைப் பிடிப்பது குற்றம்.