நாடகம் நடத்திய மொழி வகுப்பு

ஜப்பானின் நடுவயதுப் பெண்கள் கொரிய மொழி வகுப்புகளைத் தேடிப் போனதை, ஒரு நடிகர் மீதான மயக்கம் என்று ஒதுக்குவது எளிது. வரலாறு அதற்கு இடம் தரவில்லை. 1910 முதல் 1945 வரை கொரியாவை ஆண்ட ஜப்பான், 1938இல் அங்குள்ள பள்ளிகளில் கொரிய மொழியை விருப்பப்பாடமாகச் சுருக்கியது. ஆளப்பட்டவர்களே ஆள்பவரின் மொழியைக் கற்க வேண்டியிருந்தது. விடுதலைக்குப் பிறகும் பல பத்தாண்டுகள் ஜப்பானியரிடம் எதிர்த்திசை ஆர்வம் பெரிதாக எழவில்லை; ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்எச்கே தொலைக்காட்சியில் கொரிய மொழிப் பாடம் தொடங்கியதே 1984இல்தான். 2003இல் அதே என்எச்கே 'வின்டர் சொனாட்டா' என்ற கொரியத் தொடரை ஒளிபரப்பியதும் காட்சி மாறியது. இரு மொழிகளிலும் வினை இறுதியில் வருவதும், சீன வேர்ச்சொற்கள் மிகுந்திருப்பதும்தானே காரணம் எனலாம். அந்த நெருக்கம் 1950களிலும் இருந்ததே! கற்கும் வசதி முன்பே இருந்தது. விருப்பத்தைத் தந்தது நாடகம்.

தொடர் பார்த்துக் கற்பது மேலோட்டமானது என்போரும் உண்டு. எழுத்துக்கூட்டும் நிலைக்கு அது பொருந்தலாம். இடைநிலையில் மாணவரைத் திணறடிப்பது மாமியார், மேலாளர், தோழி என ஆளுக்கேற்ப மாறும் வினைமுடிவுகள். குடும்ப நாடகம் இதைத்தான் மணிக்கணக்கில் காட்டுகிறது. பாடநூலின் அட்டவணைக்கு அந்தப் பொறுமை இல்லை. ஆனால் இந்த ஆர்வம் அரசியலை வென்றுவிடவில்லை. 2012இல் இரு நாடுகளுக்கிடையிலான தீவுத் தகராறு முற்றியது. அவ்வாண்டில் என்எச்கேயின் ஆண்டிறுதி 'கோஹாக்கு' இசைநிகழ்ச்சியில் கொரியப் பாடகர் ஒருவரும் மேடையேறவில்லை.